கஞ்சா எப்போதிலிருந்து குற்றம்?

வாரத்துக்கு நாலு தடவையாவது பேப்பரில் வரும் செய்தி: சென்ட்ரல் ரயில் நிலைய நடைமேடையில் கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா, இருவர் கைது. ஆள் மாறும், ரயில் மாறும். ஆனால் எடை மட்டும் தவறாமல் இருக்கும். 8 கிலோ, 12 கிலோ, 22 கிலோ. நகைத் திருட்டுச் செய்தியில் பவுன் கணக்குப் போடுவது போலத்தான் இதுவும் என்று நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். உண்மையில் கஞ்சா வழக்கில் எடைதான் வழக்கே. 20 கிலோவுக்கு மேலே முள் கொஞ்சம் நகர்ந்தால் ஜாமீன் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் அபராதத்தோடு முடியவும் வாய்ப்புண்டு.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இதே செடியின் இலையை அரைத்த உருண்டையை ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் அரசு உரிமம் பெற்ற கடையில் பட்டப்பகலில் வாங்கலாம். கனடாவில் பூவையே கடையில் காசு கொடுத்து வாங்கலாம். சென்னையில் அதே பூ சட்டைப்பையில் இருந்தால் லாக்கப். செடி ஒன்றுதான். எந்தப் பாகம், எவ்வளவு எடை, எந்த ஊர், யார் கையில் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதில் 'யார் கையில்' என்பதுதான் வரலாற்றில் பெரிய பங்கு வகித்தது என்பது என் கட்சி. சரி, செடியிலிருந்தே ஆரம்பிப்போம்.

இலை, பூ, பிசின்

கன்னாபிஸ் சடைவா என்பது தாவரவியல் பெயர். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூக்கதிரில் பிசுபிசுவென்று ஒரு பிசின் சுரக்கும். டி.எச்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் போதைச் சத்து அதிகமாக இருப்பது அந்தப் பிசினில்தான். இலையில் குறைவு, விதையில் கிட்டத்தட்ட இல்லை.

ஆகவே ஒரே செடியிலிருந்து மூன்று சரக்கு. இலையை அரைத்துப் பாலிலோ தண்ணீரிலோ கலந்தால் பாங். பூக்கதிரைக் காயவைத்தால் கஞ்சா. பிசினை மட்டும் தேய்த்து எடுத்து உருட்டினால் சரஸ். வீரியமும் இதே வரிசையில் ஏறும். இந்தியச் சட்டம் இன்றுவரை இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே இனத்தில் டி.எச்.சி. மிகக் குறைவாக உள்ள வகைகள் உண்டு. அவற்றை நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கிறார்கள். பல நாடுகளில் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அது தொழிற்பயிர். இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: நம் விவசாயிகள் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்புக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹெம்ப்' என்ற வால் ஒட்டிக்கொண்டதால் இணையத்தில் தேடுபவர்கள் குழம்புகிறார்கள். சணப்பு மஞ்சள் பூ பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடி. அதை மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கும், அவ்வளவுதான்.

டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலமும் யெகியெல் காவோனியும். ஆண்டு 1964. மூளையில் அது போய் ஒட்டும் ஏற்பி கண்டுபிடிக்கப்பட்டது 1988இல்தான். அதாவது, உலக நாடுகள் கஞ்சாவைத் தடை செய்யத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதே தெளிவானது.

பாமிர் மலையிலிருந்து கோட்டை வரை

மேற்குச் சீனாவின் பாமிர் மலைப்பகுதியில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய இடுகாடு ஒன்றில் மரத்தால் குடைந்த தூபக்கால்கள் கிடைத்தன. உள்ளே நெருப்பில் சுட்ட கற்கள். அவற்றில் டி.எச்.சி. மிகுந்த கஞ்சாவின் தடயம் இருப்பதாக 2019இல் ஆய்வு முடிவு வந்தது. செத்தவர்களுக்குச் செய்யும் சடங்கில் புகை போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில், ஸ்கித்தியர் என்ற புல்வெளி நாடோடிகள் கூடாரத்துக்குள் சுட்ட கற்களின் மேல் இந்தச் செடியின் விதையைப் போட்டு ஆவி பிடித்ததாகக் கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தியாவில் அதர்வ வேதத்தில் 'பங்கா' என்ற பெயர் வருகிறது. அது இந்தச் செடிதானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. தமிழ்நாட்டில் சித்த மருத்துவர்கள் இதைச் சிவமூலி, கோரக்கர் மூலி என்றெல்லாம் அழைத்து, சுத்தி செய்து மருந்தில் சேர்த்தார்கள். இன்றும் இந்திய மருந்து விதிகளில் சித்தா, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கான நச்சுப்பொருள் பட்டியலில் இது இருக்கிறது. உரிமம் உள்ள தயாரிப்பாளர் செய்து, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டிய சரக்கு என்ற பொருளில். 'சித்தர்களே சாப்பிட்டார்கள், அப்புறம் என்ன' என்று வாட்ஸ்அப்பில் வாதாடுபவர்கள் இந்த 'உரிமம்', 'மேற்பார்வை' இரண்டையும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

நம்ம ஊரோடு தொடர்புள்ள ஒரு பழைய கதை உண்டு. 1669இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து இறங்கியவர் தாமஸ் போவ்ரி என்ற ஆங்கிலேய வணிகர். வங்காள விரிகுடாவின் கரையோரமெல்லாம் கப்பலில் சுற்றியவர். பாங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம் என்று, தம் கூட்டாளிகள் எட்டுப் பத்துப் பேரோடு ஆளுக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் கடைவீதியில் வாங்கிக் குடித்தார். யாரும் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது, வெளியாள் வந்து பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்லிவிட்டார். ஒருவர் தரையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதார். இன்னொருவர் பயந்துபோய் ஒரு பெரிய ஜாடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாலு மணி நேரம் அப்படியே இருந்தார். நாலைந்து பேர் கம்பளத்தில் படுத்துக்கொண்டு, தங்களைச் சக்கரவர்த்திகளாக நினைத்து ஒருவரை ஒருவர் புகழ்ந்து தள்ளினார்கள். ஒருவர் தாழ்வாரத்து மரத்தூணோடு சண்டைக்குப் போய் விரல் முட்டியின் தோலை உரித்துக்கொண்டார். போவ்ரியும் மற்றொருவரும் மூன்று மணி நேரம் வியர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே சரக்கு ஆளுக்கு ஆள் எப்படி வேறு வேறாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பை நான் படித்ததில்லை.

கம்பெனி ஆட்சி அப்புறம் என்ன செய்தது? தடை செய்யவில்லை. வரி போட்டது. சாராயம், கள், அபின் வரிசையில் கஞ்சாவும் ஆப்காரி, அதாவது மது, போதைச் சரக்குகளுக்கான வரிக் கணக்கில் சேர்ந்தது. 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஐரிஷ் மருத்துவர் வில்லியம் ஓஷாக்னெஸ்ஸி, ரணஜன்னி, காலரா, வாதம், குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றுக்குக் கஞ்சா சாறு கொடுத்துப் பார்த்து ஆய்வறிக்கை வெளியிட்டார். அதன் பிறகு லண்டன் மருந்துக்கடைகளில் கஞ்சா தைலம் பாட்டிலில் விற்பனையானது. இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் இதே ஓஷாக்னெஸ்ஸிதான். அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வேலை போதாது போலிருக்கிறது.

ஏழு பேர், 1,193 சாட்சிகள்

1893இல் லண்டன் நாடாளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் என்ற உறுப்பினர் பிரச்சினையைக் கிளப்பினார். இவர் மதுவிலக்கு இயக்கக்காரர். கஞ்சாவால் இந்திய மக்கள் உடலாலும் ஒழுக்கத்தாலும் கெடுகிறார்கள் என்ற பேச்சு உண்மையா, அரசு அதை விசாரிக்குமா என்பதுதான் அதன் சாரம். விளைவு, இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையம். ஹெம்ப் என்று இங்கே சொல்வது கஞ்சாச் செடியை. டபிள்யூ. மாக்வொர்த் யங் தலைவர். மொத்தம் ஏழு உறுப்பினர்கள், அதில் மூவர் இந்தியர். நாடு முழுக்கச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். டாக்டர்கள், கலெக்டர்கள், பயிரிடுபவர்கள், சாமியார்கள், மிஷனரிகள் என்று யாரையும் விடவில்லை. 1894இல் ஏழு தொகுதிகள், 3,000 பக்கங்களுக்கு மேல் அறிக்கை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பைத்தியக்கார விடுதிகள் பற்றிய விசாரணை. 'கீழ்ப்பாக்கம்' என்றாலே நம் பேச்சில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சென்னையின் மனநல மருத்துவமனை 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. இது போன்ற விடுதிகள் மாகாணங்கள் தோறும் இருந்தன. அவற்றின் பதிவேடுகளில் 'பைத்தியத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். கஞ்சா பைத்தியம் பிடிக்கவைக்கிறது என்று அதுவரை சொன்னவர்கள் எல்லாரும் ஆதாரம் காட்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

ஆணையம் 1892இல் சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துருவியது. நோயாளியைக் கொண்டுவந்து விட்டது போலீஸ். காரணத்தை எழுதி அனுப்பியதும் போலீஸ். தெருவில் பிடிபட்டவருக்குச் சொந்தபந்தம் யாரென்றே தெரியாதபோது, 'கஞ்சா' என்று எழுதிவிட்டால் கட்டம் நிரம்பிவிடும். விடுதிக் குமாஸ்தா அதை அப்படியே பதிவேட்டில் படியெடுத்தார். ஆண்டுக் கடைசியில் அது புள்ளிவிவரமாகி அரசாங்க அறிக்கையில் ஏறியது. கஞ்சா என்று குறிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே கஞ்சாவோடு எந்தத் தொடர்பையாவது காட்ட முடிந்தது என்பதுதான் ஆணையத்தின் முடிவு. அரசு அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பிய அனுபவம் உள்ள யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

ஆணையம் கஞ்சாவுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அளவோடு எடுப்பவர்களுக்குப் பெரிய தீங்கு தெரியவில்லை, அளவு மீறினால் உடம்பும் மனமும் கெடும், ஏற்கனவே மனநலம் தள்ளாடுபவர்களுக்கு ஆபத்து. இதுதான் அது சொன்னது. முழுத் தடை வேண்டாம், உரிமம், வரி, பயிர்க் கட்டுப்பாடு மூலம் பயன்பாட்டைக் குறையுங்கள் என்று பரிந்துரைத்தது. கருவூலத்துக்கும் அது வசதியாகப் போனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கூலிக்குப் போனவர்களின் கஞ்சா

இந்தியாவுக்குள் உரிமம் கொடுத்த அதே பேரரசு, இந்தியாவுக்கு வெளியே என்ன செய்தது? 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம். தமிழும் தெலுங்கும் பேசியவர்களே அதில் மிகுதி. பத்தே ஆண்டுகளில், 1870இல், நட்டாலில் ஒரு சட்டம் வந்தது. இந்தியத் தொழிலாளர்கள் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைக்கவோ, வைத்திருக்கவோ கூடாது, அவர்களுக்கு விற்கவும் கூடாது. அந்த மண்ணின் ஆப்பிரிக்க மக்களிடம் கஞ்சாப் பழக்கம் நெடுங்காலமாக இருந்தது. சட்டத்தின் வாசகம் குறிவைத்ததோ கரும்பு வெட்ட வந்தவனை. போதை பிடித்தால் வேலை கெடும் என்பது தோட்ட முதலாளிகளின் கவலை.

ஜமைக்காவுக்கும் இந்தியக் கூலிகள் 1845 முதல் போனார்கள். செடியோடு பெயரும் கூடவே போனது. இன்றும் ஜமைக்காக்காரர்கள் 'கஞ்சா' என்றுதான் சொல்கிறார்கள். 1913இல் அங்கே தடை வந்தது.

பன்னாட்டு அளவில் முதல் கட்டுப்பாடு வந்தது 1925இல், ஜெனீவா அபின் மாநாட்டில். அபினையும் கொக்கைனையும் பற்றிப் பேசக் கூடிய இடத்தில், எகிப்தின் பிரதிநிதி முகமது எல் கிண்டி எழுந்து சரஸையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று வாதாடினார். ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது.

அமெரிக்கக் கதை பலருக்கும் தெரிந்தது. 1930இல் தொடங்கிய கூட்டரசு போதைப்பொருள் பிரிவின் முதல் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகள், கறுப்பின இசைக்கலைஞர்கள் என்று ஆளைக் காட்டிக் காட்டியே பயமுறுத்தினார். 1937இல் வரிச் சட்டம் என்ற பெயரில் நடைமுறைத் தடை வந்தது. 1944இல் நியூயார்க் மேயர் லாகார்டியா அமைத்த குழு, பயத்துக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை என்றது. கேட்பாரில்லை. 1972இல் அதிபர் நிக்சன் தானே அமைத்த ஆணையம், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்றது. நிக்சன் அதை ஒதுக்கிவிட்டார். 1894, 1944, 1972: மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி பேசின. வரி வருமானத்தோடு ஒத்துப்போன முதல் அறிக்கைக்கு மட்டும்தான் அரசு காது கொடுத்தது.

1985

1961இல் போதைப்பொருள்களுக்கான ஐ.நா.வின் ஒற்றை உடன்படிக்கை வந்தது. கஞ்சா, ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைக்கப்பட்டது. ஆனால் உடன்படிக்கையின் வரையறையைப் பாருங்கள்: பூக்கதிரும் காய்க்கதிரும்தான் கஞ்சா. கதிரோடு சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. இந்தியாவின் பாங் அந்த இடுக்கு வழியாகத் தப்பித்தது. அதோடு, பழக்கம் வேரூன்றிய நாடுகள் மருத்துவம் அல்லாத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசமும் கிடைத்தது. உடன்படிக்கை 1964 டிசம்பரில் அமலுக்கு வந்ததால் கெடு 1989.

கெடு நெருங்கியபோது வேறொரு புயல் சேர்ந்துகொண்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கமிருந்து பிரவுன் சுகர் எனப்படும் மட்டரக ஹெராயின் 1980களில் இந்தியா வழியாகப் பாய்ந்தது. அதை அடக்கப் பழைய சட்டங்கள் போதவில்லை. ராஜீவ் காந்தி ஆட்சியில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், சுருக்கமாக என்.டி.பி.எஸ்., 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. ஹெராயினுக்கு வீசிய வலையில் கஞ்சாவும் சேர்ந்து சிக்கியது. சில மாநிலங்களில் அதுவரை உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளே இருந்தன. தமிழ்நாட்டில் நிலைமை முன்பே வேறு. ராஜாஜி கொண்டுவந்த 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் போதைப்பொருள் வரையறையில் கஞ்சா இலையும் அடங்கும். என்.டி.பி.எஸ். விட்டுவைத்த பாங்கை மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி கையாளலாம் என்பதால், வாரணாசியில் பாங் கடை இருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் இல்லை. சவுகார்பேட்டையில் ஹோலிக்குத் தண்டாய் என்ற மசாலாப் பாலைத் தாராளமாகக் குடிக்கலாம். பாதாம், பிஸ்தா, ரோஜா இதழோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்றைய சட்டத்தின் கணக்கு இப்படி. கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் கீழ் 'சிறு அளவு': ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, கூடவே ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. சரஸுக்கு அளவுகோல் சுருங்கிவிடும். 100 கிராம்தான் சிறு அளவு, ஒரு கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. செடி வளர்த்தாலும் 10 ஆண்டு வரை போகலாம், மாடித்தோட்டத்துத் தொட்டியானாலும் சரி. வெறுமனே புகைத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம்.

இந்த அளவுப் பிரிவினை 1985இல் இல்லை. 2001 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் கொஞ்சமாக வைத்திருந்தவர், அது தன் சொந்த உபயோகத்துக்குத்தான் என்று தானே நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் கடத்தல்காரருக்கு உரிய தண்டனைதான்.

வணிக அளவில் ஜாமீன் ஏன் அவ்வளவு கஷ்டம்? 37ஆம் பிரிவு. அரசு வக்கீல் எதிர்த்தால், இவர் குற்றம் செய்திருக்கவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிபதிக்கே திருப்தி ஏற்பட வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே இப்படி ஒரு முடிவுக்கு வருவது எளிதா? அதனால்தான் தராசு இவ்வளவு முக்கியம். 21 கிலோ மூட்டையில் இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு, சட்டம் சொல்லும் பூக்கதிர் எவ்வளவு, கோணியின் எடையைக் கழித்தார்களா என்று வக்கீல்கள் கேட்பது இதற்காகத்தான்.

சென்னையில்

இங்கே வரும் சரக்கு பெரும்பாலும் ஆந்திர–ஒடிசா எல்லை மலைக்காட்டில் விளைவது. ரயிலில், பஸ்ஸில், லாரியில் காய்கறிக்கு அடியில் வந்து, இங்கே பொட்டலமாகச் சுருங்குகிறது. தமிழகக் காவல்துறை 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் நடவடிக்கையைத் தொடங்கி, 2.0, 3.0, 4.0 என்று சினிமாவின் அடுத்தடுத்த பாகம் மாதிரி நடத்தியது. திரும்பத் திரும்பப் பிடிபடுபவர் மீது குண்டர் சட்டமும் பாயும். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் ஒரு வகை. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

'கஞ்சா கேஸ் போட்டுடுவேன்' என்ற மிரட்டலை இந்த ஊரில் கேட்காதவர் குறைவு. அதில் வேலை செய்வது சட்டத்தின் கடுமைதான். கையில் பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று விளக்க வேண்டிய பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். அதற்கு எதிர்ப்பக்கம் சில பாதுகாப்புகளும் உண்டு. உடம்பைச் சோதனை போடும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதைப் போலீஸ் சொல்லியே ஆக வேண்டும். இது 50ஆம் பிரிவு. பையைச் சோதிக்க இது பொருந்தாது. இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கு. என்.டி.பி.எஸ். அதிகாரிகளிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதுவரை அந்த வாக்குமூலத்தை மட்டுமே நம்பி ஓடிய வழக்குகளின் அடித்தளம் இதில் ஆட்டம் கண்டது.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு தரப்பிலும் மிகை அதிகம். சாராயம் போலக் கல்லீரலை அரிப்பதில்லை, ஹெராயின் போல மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. ஆனால் அடிமையாக்காது என்பது பொய். சிலருக்குப் பழக்கம் பிடித்துக்கொள்கிறது, பதின்ம வயதில் தொடங்குபவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். அவர்களின் மூளை வளர்ந்து முடிந்திருக்காது. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்கள், வீரியமான ரகத்தைத் தினமும் இழுப்பவர்கள் ஆகியோருக்கு மனநோய் ஆபத்து உயர்கிறது. இன்றைய சரக்கு தாத்தா காலத்துச் சரக்கும் அல்ல. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் சராசரி 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014இல் 12 சதவீதம். ஆக, 1894 அறிக்கையை, மண்ணில்லாமல் சத்துநீரில் வளர்க்கும் இன்றைய ஹைட்ரோபோனிக் பூவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அதே செடியின் போதையில்லாத சத்தான சி.பி.டி.யிலிருந்து, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கான மருந்தை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. ஓஷாக்னெஸ்ஸி கல்கத்தாவில் வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து 179 ஆண்டுகள்.

வெளியே காற்று திரும்பியபோது

'அங்கேயெல்லாம் லீகல்' என்று சொல்லும்போது பல விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். நெதர்லாந்தில் 1976 முதல் நடப்பது கண்டும் காணாமல் விடுவது. சட்டப் புத்தகத்தில் இன்னும் குற்றம்தான். போர்ச்சுகலில் 2001 முதல், சொந்த உபயோக அளவு வைத்திருந்தால் சிறை இல்லை, ஆனால் ஒரு குழு முன்னால் போய் நிற்க வேண்டும். விற்றால் குற்றம். முழுதாகச் சட்டபூர்வமாக்கிய முதல் நாடு உருகுவே, 2013. கனடா 2018 அக்டோபரில். ஜெர்மனி 2024 ஏப்ரலில், வெளியே 25 கிராம், வீட்டில் மூன்று செடி என்று அளந்து கொடுத்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் கடை திறந்திருக்கிறது, கூட்டரசுச் சட்டத்திலோ இன்னும் தடை. தாய்லாந்து 2022 ஜூனில் பட்டியலிலிருந்து எடுத்தது, தெருவெங்கும் கடை முளைத்தது, 2025இல் மருந்துச் சீட்டு இருந்தால்தான் பூ என்று மறுபடி இறுக்கியது.

ஐ.நா. அளவில் 2020 டிசம்பர் 2ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், ஹெராயின் இருக்கும் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் உள்ளூர்ச் சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. என்.டி.பி.எஸ். சட்டமே நாருக்கும் விதைக்கும் பயிரிட வழி விட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தி உத்தராகண்ட் 2018இல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது, இமாச்சலப் பிரதேசமும் அந்தத் திசையில் நகர்கிறது. விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அனுமதி தந்தது. அதனால்தான் ஆன்லைனில் ஹெம்ப் விதை பாக்கெட் வாங்க முடிகிறது.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் தடுமாறும் இடம் மீனம்பாக்கம். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபடும் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. எல்லாரும் கடத்தல்காரர்கள் அல்ல. சிலர் 'ஒரு பை கொண்டுவந்து கொடு, டிக்கெட் செலவு எங்களுடையது' என்ற பேச்சை நம்பியவர்கள். அங்கே கடையில் வாங்கிய பில் இருக்கிறது என்பது இங்கே சுங்க அதிகாரியிடம் செல்லாது. மிட்டாய் வடிவில் இருந்தாலும் அதேதான். இன்னொரு வரியைப் பலர் கவனிப்பதே இல்லை: என்.டி.பி.எஸ். சட்டம் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. ஆம்ஸ்டர்டாமில் புகைத்ததற்காகச் சென்னையில் யாரையும் தேடிப் பிடிப்பதில்லை என்றாலும், எழுத்தில் அது அப்படித்தான் இருக்கிறது.

பழக்கத்தில் மாட்டிக்கொண்டவருக்கு, குறிப்பாக அவர் வீட்டாருக்கு, உதவும் பிரிவு 64ஏ. சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ புகைத்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். வக்கீலிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. அடையாறில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே ஏற்பட்டது. தேசிய உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.